தேசப்பன் பேர் போட்ட சட்டை

இது நடந்தது. எண்ணூர் பக்கம் கன்டெய்னர் வண்டி ஓட்டுகிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அங்கே ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றுவார்கள். யார்டின் பெயரை மட்டும் இங்கே சொல்லவில்லை. சொன்னால் அங்கே வேலை பார்க்கிற ஏழெட்டுப் பேருடைய சோற்றில் மண் விழும். மற்றபடி எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பேய் என்றதும் நடுராத்திரி, புளியமரம், நாயின் ஊளை என்று நினைப்பீர்கள். இங்கே நாய்கூட இல்லை. எல்லாமே பகலில், நூறு லாரிகளின் நடுவில் நடந்தது.

செல்வம் திருவொற்றியூர்க் குப்பத்து ஆள். ஐம்பத்தைந்து வயது. பிழைப்பு முழுக்கக் கடல். முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்த வருஷம் வலை கறுத்தது. மீன் நாறியது. வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். போட்டில் பங்காளியாக இருந்தவன் எஞ்சினைக் கழற்றி விற்றான். செல்வம் கரையேறினான்.

அவனுக்கு ஒரே மகன். திலீப். பத்தொன்பது வயது. காட்டுப்பள்ளி பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் பயிற்சி. அது முடிந்தால் நிரந்தர வேலை. அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பையன் பயிற்சியை விட்டுவிட்டு மீன்பிடிக்க இறங்குவான். செல்வத்தின் அப்பா கடலில் போனவர். அண்ணன் கடலில் போனவன். திலீப் கரையில்தான் இருக்க வேண்டும். செல்வத்துக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

அந்த நேரத்தில்தான் குமாரவேல் கூப்பிட்டு அனுப்பினான். விம்கோ நகரில் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்துகிறவன்.

"கேட்டுக்கு எக்ஸ் மிலிட்டிரி ஆளுதான் வோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறானுங்க மாமு. என்னாண்ட மிலிட்டிரி கார்டு கீது, ஆளு இல்ல. நீ ஆளு கீற, கார்டு இல்ல. ரெண்டையும் ஒட்டிடுவோம்."

"கார்டுக்காரரு இன்னா ஆனாரு?"

"பூட்டாரு," என்று குமாரவேல் கையை மேலே காட்டினான்.

"மாட்டிக்கினா?"

"இந்த ரோட்ல நிக்கிற பாதி மீச மிலிட்டிரி மீசையே இல்ல நைனா. சல்யூட்ட ஒண்டி வெறப்பா அடி. மீதிய மீச பாத்துக்கும்."

நீல நிறச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டான். மார்பில் பித்தளைப் பட்டை. அதில் பெயர்: தேசப்பன். அதற்கு மேலே பட்டாளத்து மெடல் ரிப்பன், இரண்டு வரிசை.

"நல்லா மனப்பாடம் பண்ணிக்க. உன் பேரு தேசப்பன். சிலோனுக்குப் போன பட்டாளத்துல நீ இருந்த. யாழ்ப்பாணம். ஆபீசருங்க இந்தில பேசறத அந்த சனங்களுக்குத் தமிழ்ல சொல்ற டூட்டி."

"எனக்கு இந்தி தெரியாதே?"

"மறந்துடுச்சுன்னு சொல்லு. அந்தச் சண்டையையே எல்லாரும் மறந்துட்டானுங்க. உன் இந்திய எவன் கேக்கப் போறான்?"

குமாரவேல் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். செல்வம் சட்டையைப் போட்டுக்கொண்டான். தோள், கை, நீளம் எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது.

அப்போது அது அதிர்ஷ்டமாகத்தான் தெரிந்தது.

மறந்துவிட்டார்கள் என்று குமாரவேல் சொன்னது பாதி உண்மை. ஜனவரி இருபத்தாறு அன்று யார்டு மேனேஜர் செல்வத்தைக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி மாலை போட்டார். ஆபீஸ் பெண்கள் அவனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். யாரோ காலைக்கூடத் தொட்டுக் கும்பிட்டார்கள். செல்வம் கழுத்தை நீட்டினான். வெட்கமாகத்தான் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

அதே நாள் சாயங்காலம் ரோட்டோரம் பட்டம்மாள் கடையில் டீ கேட்டான். பட்டம்மாள் கிளாசை அவன் கையில் கொடுக்கவில்லை. பெஞ்சில் நங்கென்று வைத்தாள்.

"சிலோனுக்குப் போய்ட்டு வந்தியாமே?"

"ஆமா."

"நம்ம சனத்தையே சுட்டுட்டு, சண்டையும் தோத்துட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கினு திரும்பி வந்தீங்க? கப்பல்ல வந்து ஆர்பர்ல எறங்கறப்போ ஒரு ஈ காக்கா வரலியே. எங்க வூட்டாளு யாரும் பாக்கப் போவக் கூடாதுன்னு ஊருக்கே சொன்னாரு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த டிரெய்லர் டிரைவர் அத்தாவுல்லா சேர்ந்துகொண்டான். "வுடு ஆயா. அவரு இன்னா, தானாவா போனாரு? அனுப்பினவன் எவனோ."

"அனுப்பினவன் என் கடைக்கு டீ குடிக்க வரலியே. வந்தா அவனையும் கேப்பேன்."

அத்தாவுல்லா சிரித்தான். "அதுவும் கரெக்ட்டு தாத்தா. எட்ற தூரத்துல நீ ஒருத்தன்தான கீற?"

மறுநாள் கேட்டில் பேப்பர் சரியில்லை என்று செல்வம் அவன் வண்டியை நிறுத்தினான். அதே அத்தாவுல்லா தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "அங்க தோத்துட்டு வந்து இங்க என்கிட்ட வீரம் காட்றியா?" பின்னால் நின்ற வண்டிகளில் எல்லாம் சிரிப்பு. ஹாரன்.

செல்வம் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தான். திட்டு தேசப்பனுக்கு. மாலையும் தேசப்பனுக்கு. சம்பளம் மட்டும் தனக்கு. அப்படித்தான் நினைத்துக்கொண்டான்.

மார்ச் மாதம். மதிய ஷிப்டு. மூன்று மணிக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் சங்கு ஊதும். ஊஊஊம்... என்று இழுத்து ஓயும். அன்றைக்கு ஓய்ந்த கையோடு, கேட்டுக்கு வெளியே ஒரு கிழவி நின்றாள்.

வெள்ளைப் புடவை. கையில் மடித்த சட்டை ஒன்று. பையன்கள் போடுகிற கட்டம் போட்ட சட்டை, இஸ்திரி போட்டது.

"தம்பி, தேசப்பன் எண்டது நீங்களோ?"

சிலோன் தமிழ். கும்மிடிப்பூண்டி அகதி முகாமிலிருந்து வேலை கேட்டு வந்தவள் என்று செல்வம் நினைத்தான்.

"இன்னா வேணும் ஆயா?"

"என்ர மகனைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள். விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு சொன்னனீங்கள். இன்னும் வரேல்ல."

"இங்க யாரும் வரல. வண்டி வர்ற எடம், ஓரமாப் போ."

ஒரு டிரெய்லர் திரும்பியது. பீக், பீக், பீக் என்று பின்னால் வந்தது. அவன் கையைக் காட்டி வண்டியை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பினான். அவள் இல்லை.

போய்விட்டாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டான். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. அந்த ரோட்டில் நிலக்கரித் தூசு எப்போதும் பறந்துகொண்டிருக்கும். வெள்ளைச் சட்டை போட்டு வருகிறவன் பத்து நிமிஷத்தில் சாம்பல் நிறமாகிவிடுவான். கிழவியின் புடவையில் ஒரு பொட்டுத் தூசு இல்லை.

மறுநாளும் சங்கு ஓய்ந்ததும் வந்தாள். அதே கேள்வி. கேட்டுக்குக் குறுக்கே மஞ்சள் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டாமல் நின்று கேட்டாள். செல்வம் எரிந்து விழுந்தான். அவள் கோபப்படவில்லை. நிறைய கேட்டுகளில் நின்று பழகியவள் மாதிரி, சரி என்று தலையாட்டினாள்.

அவள் போன பிறகு தரையைப் பார்த்தான்.

கறுப்புத் தூசு படிந்த தரையில் சிவப்பாகக் காலடிகள். ஈரமான செம்மண். எண்ணூரில் எங்கே செம்மண்? மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது.

மூன்றாவது முறை அவள் ரோட்டின் நடுவில் நின்றிருந்தாள். அத்தாவுல்லாவின் டிரெய்லர் வேகமாக வந்தது. செல்வம் கையைத் தூக்கிக் கத்தினான். வண்டி பிரேக் போடவே இல்லை. அவள் நின்ற இடத்தின் மேலேயே ஏறிக் கேட்டுக்குள் வந்து நின்றது.

"இன்னா தாத்தா கத்தற?" என்றான் அத்தாவுல்லா.

"அந்த ஆயா..."

"எந்த ஆயா? வெயில்ல மண்ட காஞ்சிடுச்சா?"

வண்டி நகர்ந்தது. அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மடித்த சட்டையைக்கூட அசைக்கவில்லை.

"தம்பி... தேசப்பன் எண்டது நீங்களோ?"

செல்வம் ஓர் அடி பின்னால் நகர்ந்தான். இல்லை என்று தலையாட்டினான்.

அவள் போய்விட்டாள்.

அன்று வீட்டில் மனைவி பவானியிடம் சொன்னான்.

"வேலைய வுட்டுடுயா," என்றாள் பவானி. "நான் மீனு கூடையத் தூக்கறேன்."

"அத்த வச்சிக் குடும்பம் ஓடுமா? திலீபு நாளைக்கே கடலுக்குப் போறேம்பான்."

பவானி அடுப்பைப் பார்க்கப் போனாள். அவளுக்கும் அந்த பயம்தான் பெரிய பயம்.

நல்லவேளையாக, இல்லை என்று சொன்ன பிறகு கிழவி வரவில்லை. ஒரு வாரம் போனது. செல்வம் மூச்சு விட ஆரம்பித்தான்.

அப்போதுதான் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது.

யார்டின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருந்தது. கேட்டில் நிற்பவர்கள் நிஜ மிலிட்டரி இல்லை என்று. விசாரிக்க ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வந்தார். கறுப்புக் கண்ணாடி. பளபள ஷூ. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு குமாரவேல், முகம் வெளுத்து. செல்வம் மாட்டினால் இவனும் காலி.

சங்கு ஊதியது. ஊஊஊம்...

ஓய்ந்தது.

மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிழவி நின்றாள்.

"பேர்?" என்றார் அதிகாரி.

செல்வம் அவளைப் பார்த்தான். அதிகாரி அவன் பார்வை போன திசையில் திரும்பிப் பார்த்தார். அவருக்கு வெறும் ரோடுதான் தெரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பேரைக் கேட்டேன்."

"தேசப்பன் சார்."

கிழவி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"எங்கே எல்லாம் இருந்தீங்க?"

"சிலோன் சார். யாழ்ப்பாணம்."

இன்னும் ஓர் அடி.

"என்ன டூட்டி?"

குமாரவேல் அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சினான். சொல்லு... சொல்லு...

"ஆபீசருங்க சொல்றத... அந்த சனங்களுக்குத் தமிழ்ல சொல்ற டூட்டி சார்."

"வீடு வீடாப் போய்?"

"ஆமா சார்."

"ஆள்களைக் கூட்டிட்டு வரும்போதும் நீங்கதான் பேசினீங்க?"

திலீப்பின் முகம் நினைவுக்கு வந்தது. வெல்டிங் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு சிரிக்கிற முகம்.

"ஆமா சார். நான்தான்."

அதிகாரி திருப்தியாகத் தலையசைத்தார். கோட்டுக்கு அப்பால் கிழவியும் தலையசைத்தாள்.

"சரியான ஆள்தான்," என்றார் அதிகாரி குமாரவேலிடம். பிறகு செல்வத்தின் மார்பைக் காட்டினார். "இதுல சிலோன் ரிப்பன் எதுவோ, அதைக் கழட்டிடுங்க. வெளிநாட்டு பார்ட்டிங்க வர்ற இடம். அந்தச் சண்டையைப் பத்தி யாராவது கேட்டா நமக்குத்தான் சங்கடம். மத்ததெல்லாம் இருக்கட்டும், பார்க்க நல்லா இருக்கு."

எது சிலோன் ரிப்பன் என்று செல்வத்துக்கு எங்கே தெரியும்? கை ரிப்பன் மேல் அலைந்தது. குமாரவேல் பாய்ந்து வந்து ஏதோ ஒன்றைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். கார் கிளம்பியது.

வேலை தப்பித்தது.

கிழவி முதல் தடவையாகச் சிரித்தாள்.

"கண்டுபிடிச்சிட்டன்," என்றாள்.

மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். உள்ளே வந்தாள். அவனை உரசிக்கொண்டு கன்டெய்னர் அடுக்குகளின் சந்துக்குள் நடந்து போனாள். அவள் கடந்தபோது கிணற்றுக்குள் குனிந்து பார்த்தது மாதிரி ஒரு குளிர்.

அதற்குப் பிறகு அவள் வெளியே போகவே இல்லை. அடுக்குகளின் சந்தில் வெள்ளையாக ஏதோ தெரியும். நிமிர்ந்து பார்த்தால் இருக்காது. கேட்டுக்கு அருகே தரையைக் காலையில் கழுவிவிட்டால், மதியத்துக்குள் செம்மண் ஈரமாகப் படிந்திருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் திலீப் வேலை முடிந்து வரும் வழியில் அப்பாவுக்கு டிபன் பாக்ஸ் கொடுத்துவிட்டுப் போனான். பைக் மறைந்ததும் செல்வத்தின் காதருகே குரல்.

"உங்கட பிள்ளையோ?"

செல்வம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"எத்தினை வயது?"

"பத்... பத்தொம்போது."

"என்ர மகனுக்கும் பத்தொன்பதுதான்."

குரல் இன்னும் கிட்டே வந்தது.

"இப்பவும் பத்தொன்பதுதான்."

செல்வம் அன்று வீட்டுக்குப் போனதும் திலீப்பைத் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தான். யார்டு பக்கமே வரக் கூடாது. சோறு வேண்டாம். பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை.

"உனக்கு இன்னா ஆச்சு நைனா?" என்று சிரித்தான் திலீப். சத்தியம் மட்டும் செய்தான்.

நான்கு நாள் கழித்து. சாயங்காலம் ஆறு மணி. வெளிச்சம் நன்றாகவே இருந்தது. போன் அடித்தது. திலீப்.

"நைனா, சோறு எத்தினு வந்துகீறேன்."

"வராதன்னு சொன்னேன்ல!"

"நீதான மத்தியானம் போன் பண்ணி வரச் சொன்ன?"

செல்வம் போனைக் காதோடு அழுத்தினான். அன்று அவன் யாருக்கும் போன் செய்யவில்லை.

"இப்ப எங்க கீற?"

"கேட்டாண்டதான்."

செல்வம் கேட்டில்தான் நின்றிருந்தான். இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். லாரிகள். தூசு. திலீப் இல்லை.

"எந்த கேட்டு?"

"உன் கேட்டுதான். தோ நிக்கிறியே. பச்ச சட்டையில."

செல்வம் குனிந்து பார்த்தான்.

நீலச் சட்டை.

"முதுகக் காட்டிக்கினு நிக்கிற. திரும்பு நைனா."

"திலீபு... அது நான் இல்லடா... ஓடிடு."

"ஒரு ஆயாவும் கீது. ஏதோ கேக்கணுமாம். கேட்டுட்டு உடனே அனுப்பிடறேன்னு சொல்றியே, இன்னா கேக்கப் போறீங்க?"

"நான் சொல்லல! திலீபு... நான் சொல்லலடா!"

"இப்பதான சொன்ன..."

கர்ர்ர்...

இரைச்சல்.

கனமான ஒரு வண்டி கியர் மாற்றுகிற சத்தம்.

இணைப்பு அறுந்தது.

செல்வம் அலறிக்கொண்டு கன்டெய்னர் சந்துகளுக்குள் ஓடினான்.

யாரும் இல்லை.

அடுத்த சந்து.

யாரும் இல்லை.

அதற்கடுத்த சந்தின் வாசலில்...

டிபன் பாக்ஸ். மூடி திறக்கவில்லை. இன்னும் சூடாக இருந்தது.

பக்கத்தில் திலீப்பின் செருப்புகள். ஜோடியாக, நேராகக் கழற்றி வைத்திருந்தது.

கண்ட்ரோல் ரூமில் கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். செல்வமும் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது.

திலீப் சந்துக்குள் வருகிறான். தனியாக. வெறும் காலோடு. இரண்டு கையையும் கோத்துப் பின்னங்கழுத்தில் வைத்திருக்கிறான். நடுவில் ஒரு முறை முதுகில் எதனாலோ இடித்துத் தள்ளியது மாதிரி தடுமாறுகிறான். பின்னால் யாரும் இல்லை. நிற்கிறான். கேமராவை நிமிர்ந்து பார்க்கிறான். உதடு அசைகிறது. நைனா என்று.

பிறகு வலது காலைத் தூக்கி, ஒன்றுமே இல்லாத இடத்தில், லாரியின் பின்பக்கம் ஏறுவது மாதிரி வைக்கிறான்.

ஏறுகிறான்.

அவ்வளவுதான். அதற்கு மேல் பதிவில் சந்து மட்டும்தான் இருந்தது.

அடுக்கில் இருந்த ஒவ்வொரு கன்டெய்னரையும் திறந்தார்கள். துணி, டயர், பொம்மை. பையன் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் லவ் மேட்டரா என்று கேட்டார்கள். உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். கேட்டில் செக்யூரிட்டி என்றான். யார்டுக்குப் போன் போட்டார்கள். செல்வம் என்று இங்கே யாருமே வேலை பார்க்கவில்லை என்று பதில் வந்தது. பொய்யும் இல்லை.

அவன் வெறி பிடித்தவன் மாதிரி கேட்டுக்குத் திரும்பி வந்தான். டீக்கடையில் கூட்டம். எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

"அங்க எத்தினி பேரு வவுத்துல அடிச்சானோ," என்றாள் பட்டம்மாள், அவன் காதில் விழும்படி. "அதான் அவன் வவுத்துல வுழுந்துச்சு."

"நான் தேசப்பன் இல்ல!" செல்வம் சட்டையைக் கிழித்துக் கழற்றித் தரையில் எறிந்தான். "என் பேரு செல்வம்! நான் சிலோன கண்ணால பாத்ததில்ல. மீன் புடிக்கிறவன் நான்!"

பட்டம்மாள் கிளாஸ் கழுவுவதை நிறுத்தவில்லை.

"இப்ப இல்லன்னா ஆச்சா? மாலை போட்டப்ப கழுத்த நீட்னியே?"

அத்தாவுல்லா மட்டும் எழுந்து வந்து சட்டையை எடுத்தான். தூசு தட்டி, பெஞ்சில் வைத்தான். பின்பக்கம் விரல் பட்டதும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். சட்டை முதுகுப் பக்கம் முழுக்க ஈரச் செம்மண். ஐந்து விரல் பதிந்திருந்தது.

குமாரவேல் ஏஜென்சியைப் பூட்டிக்கொண்டு ஓடப் பார்த்தான். செல்வம் ஷட்டருக்குக் கீழே அவன் கழுத்தைப் பிடித்தான்.

"அந்த தேசப்பன் எப்படிச் செத்தான்? சொல்லு!"

"கைய எடு மாமு... சொல்றேன்... அவரு சாவல. உசுரோடதான் கீறாரு."

கொருக்குப்பேட்டை. ரயில் லைனை ஒட்டி ஓட்டு வீடு. கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் சுவர் நடுங்கும். தேசப்பன் கட்டிலில் உட்கார்ந்து மசால் வடை தின்றுகொண்டிருந்தார். தலைக்குப் புதிதாக டை அடித்திருந்தார். முகத்தில் தெளிவு. நோயிலிருந்து எழுந்தவரின் தெளிவு.

செல்வத்தைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை.

"குந்து," என்றார். "வந்தாளா?"

செல்வம் உட்காரவில்லை.

"எம் புள்ள..." என்றான்.

தேசப்பன் வடையைக் கீழே வைத்தார்.

"ஆபீசர் இந்தில சொன்னாரு, நான் தமிழ்ல சொன்னேன். கேட்டுட்டு அனுப்பிடறோம்மான்னேன். உன் பேரு இன்னா தம்பின்னு கேட்டா. சொன்னேன். நம்ம பாஷ பேசறவன், பேரு சொல்றவன்னு நம்பி வுட்டா. பையன வழி காட்றதுக்கு வண்டில ஏத்தினோம். போற வழியில கண்ணிவெடி. அதுல இருந்தவங்கள்ல நான் ஒருத்தன்தான் பொழச்சேன். இத்த அவகிட்ட யாரு சொல்றது? மேல கேட்டா கீழ கேளுன்னான். கீழ கேட்டா மேல கேளுன்னான். அவ தெனம் அந்தச் சட்டைய எத்துக்கினு கேம்பு கேட்டுல வந்து குந்துவா. ஒருநாள் குந்தினவ ஏந்திரிக்கல."

கூட்ஸ் வண்டி ஒன்று தடதடத்துக்கொண்டு போனது. அது முடியும்வரை காத்திருந்தார்.

"அப்பாலிக்கா கப்பல்ல திரும்பினோம். நம்ம ஆர்பர். பொறந்த ஊரு. எங்கள வாங்கன்னு சொல்ல ஊருல ஒரு பெரிய மனுசன் வரல. கரையில எனக்குன்னு ஒரே ஒருத்திதான் நின்னுக்கினு இருந்தா. வெள்ளப் பொடவைல."

தேசப்பன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"முப்பத்தஞ்சு வருசம்யா. எந்த கேட்டுல வேலைக்கு நின்னாலும் வருவா. நீதானான்னு கேப்பா. இல்லம்மா, இல்லம்மான்னுவேன். நான் கல்யாணம் பண்ணிக்கல. பண்ணா புள்ள பொறக்கும். பொறந்தா அத்த எடுத்துக்குவா. அனுப்பினவன் பென்சன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்து, படுக்கையில செத்தான். ஊரு என்னத் துரோகின்னுச்சு. எவனாச்சும் பங்குக்கு வந்தானா? எல்லாத்தையும் நான் ஒருத்தனே செமந்தேன். முடியல. வயசாயிடுச்சு."

"அதுக்கு... அதுக்கு எதுக்குய்யா எம் புள்ள?"

தேசப்பன் கையைத் துடைத்துக்கொண்டார். செல்வத்தை நேராகப் பார்த்தார். அந்தக் கண்ணில் வருத்தம் இல்லை. நிம்மதிதான் இருந்தது.

"கார்டுக்கு எவ்ளோ வோணும்னு குமாரவேலு கேட்டான். ஒரு பைசா வேணாம்னுட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்."

"இன்னா சொன்ன?"

"பத்தொம்போது வயசுல பையன் இருக்கிறவனாப் பாத்துக் குடுன்னேன்."